ஏட்டில் ஏறாத பெயர்கள்: கோயம்பேட்டுச் சுமைத் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கும், கூடை சுமக்கும், வண்டி தள்ளும் உங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். வில்லிவாக்கம் பக்கம் காய்கறிக் கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது. விடிவதற்கு முன் உங்களிடம் வந்து சரக்கு ஏற்றிக்கொண்டு போய், வெளிச்சம் வந்ததும் கடை விரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் தராசில் ஏறிய ஒவ்வொரு காயும் உங்களில் யாரோ ஒருவருடைய தோளில் ஏறி இறங்கியதுதான்.

கொரோனா காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மருத்துவர்களைப் பற்றி, செவிலியர்களைப் பற்றி, தூய்மைப் பணியாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். உங்களைப் பற்றிய பேச்சு மட்டும், "கோயம்பேட்டிலிருந்து பரவியது" என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகிறது. அந்த வரி அப்படியே நிலைத்துவிடக் கூடாது. இரண்டு செய்திகளை உங்களிடம் சொல்ல வேண்டும். 2020 கோடையில் நடந்தவற்றுக்கு நீங்கள் காரணமில்லை என்பது ஒன்று. உங்கள் பெயர்களை ஒழுங்காக எழுதிவைத்த ஏடு எங்கும் இல்லாமல் போனதால்தான் அன்று அவ்வளவு பாடுபட்டீர்கள், அந்தக் குறையை இனியாவது தீர்த்தாக வேண்டும் என்பது மற்றொன்று.

அந்த ஆண்டு மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவோடு நாடே அடங்கியது. கணினி வைத்து வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குள் மேசை போட்டுக்கொண்டார்கள். பள்ளிகள் மூடின, பேருந்துகள் நின்றன, ரயில்கள் நின்றன. ஆனால் ஊர் அடங்கினாலும் வயிறு அடங்குமா? காய்கறி அத்தியாவசியப் பொருள் என்று அரசு சொன்னது. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஊட்டியிலிருந்தும், கோலாரிலிருந்தும் நாசிக்கிலிருந்தும் லாரிகள் வழக்கம்போல இரவில் வந்து நின்றன. பொருள் அத்தியாவசியம் என்றால் அதை இறக்கும் ஆளும் அத்தியாவசியம்தானே! அதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேலை மட்டும் உங்கள் முதுகில் வந்து விழுந்தது.

'ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி விடுங்கள்' என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. உங்கள் வேலையை ஒரு தரமாவது பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆகிற காரியமில்லை. லாரியின் மேல் நிற்பவர் வெங்காய மூட்டையைப் புரட்டி விளிம்புக்குக் கொண்டுவருவார். கீழே நிற்பவர் முதுகைக் கொடுத்து வாங்குவார். கை மாறும் அந்த நொடியில் இரண்டு பேருடைய மூச்சும் ஒரே மூட்டையின் மேல்தான் படும். ஓர் ஆள் எடையை முதுகில் வைத்துக்கொண்டு நெரிசலுக்குள் வழி கேட்டு ஓடுகிறவர், வாய்விட்டுக் கத்தாமல் போக முடியாது. வியர்வையில் நனைந்த முகக்கவசம் மூக்கோடு ஒட்டிக்கொண்டால் மூச்சு விட முடியாது. வேலை முடிந்தால் குளிப்பது ஒரே குழாயடியில். தூக்கம் கடைவாசலில், வரிசையாக. கழிப்பறையும் பொது. இடைவெளிக்கு இடமும் வேண்டும், வேலையை விட்டு விலகி நிற்க வசதியும் வேண்டும். இரண்டையும் உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுக்காத ஒன்றைக் கடைப்பிடிக்கவில்லை என்று பழி சொல்வது அநியாயம்.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த மறுநாளே, 25-ஆம் தேதி, நகரம் முழுக்கக் கடைத்தெருவுக்கு வந்தது. நான்கு நாளைக்கு வேண்டியதை ஒரே பொழுதில் வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் தேடியது காய்கறியைத்தான். அந்தக் கூட்டத்தை நீங்கள் கூட்டவில்லை. கூட்டத்துக்கு நடுவே சரக்கை இறக்கிக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். அடுத்த சில நாள்களில் சந்தையில் தொற்று தெரியவந்தது. மே 4 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 527 பேருக்கு உறுதியானது. அதுவரை அவ்வளவு எண்ணிக்கை எந்த நாளிலும் வந்ததில்லை. அவர்களில் பலர் கோயம்பேட்டோடு தொடர்புள்ளவர்கள். மே 5 அன்று சந்தை மூடப்பட்டது.

உங்களில் பலர் அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பியிருந்தீர்கள். பேருந்து இல்லை, ரயில் இல்லை. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளில் ஏறி அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் பெரம்பலூருக்கும் போனீர்கள். வேலை நின்றுபோன, சமைக்க அடுப்பில்லாத, படுக்கச் சந்தைத் திண்ணையைத் தவிர இடமில்லாத ஒரு மனிதர் வேறு எங்கே போவார்? பிறந்த ஊருக்குத்தான் போவார். அங்கே போனதும் "கோயம்பேட்டுக்காரன் வந்திருக்கிறான்" என்ற சொல் உங்களுக்கு முன்னால் தெருவுக்குள் போய்விட்டது. அதே தெருவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய கைகள்தான் அவை. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டீர்கள். சிகிச்சைக்கும் தடுப்புக்கும் அது தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நோயாளியை நோயாளியாகப் பார்ப்பது வேறு, குற்றவாளியாகப் பார்ப்பது வேறு. அந்த வேற்றுமையை அன்று நாம் காப்பாற்றவில்லை.

இந்தப் பழி பொய் என்பதற்கு உலகமே சாட்சி. டெல்லியின் ஆசாத்பூர் மண்டியில் அதே நாள்களில் தொற்று பரவியது. நவி மும்பையில் வாஷி மொத்தச் சந்தையையும் அந்த மே மாதம் சில நாள்கள் மூட வேண்டியிருந்தது. ஜூன் நடுவில் பெய்ஜிங்கின் ஷின்ஃபாதி மொத்தச் சந்தையை மூடினார்கள். பேசும் மொழி வேறு, அரசாங்கம் வேறு, விற்கும் காய் வேறு. ஒற்றுமை ஒன்றே ஒன்றுதான். ஒரு பெரிய நகரத்தின் சாப்பாடு முழுவதையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்து, நெருக்கியடித்து, மனித உடம்பாலேயே இறக்கி ஏற்றுவது. அங்கெல்லாம் யாருடைய ஒழுக்கக் குறையாலும் தொற்று பரவவில்லை. சந்தை அமைந்த விதத்தால் பரவியது. இங்கேயும் அப்படித்தான்.

நம் சந்தையின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி நெரிசல் தாங்காமல் திணறியபோதுதான் 1996-இல் கோயம்பேடு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 295 ஏக்கர், 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். அன்று அது தாராளமாக இருந்தது. நகரம் வளர்ந்தது, வாய்கள் பெருகின, சந்தை மட்டும் ஒன்றாகவே நின்றது. பெரிய குடத்துக்குக் குறுகிய கழுத்து வைத்தது போல, இத்தனை கோடி ரூபாய்ச் சரக்கும் இத்தனை ஆயிரம் மனிதர்களும் அந்த ஒரு வழியாகவே போய்வந்தோம். கோவையிலும் திருச்சியிலும் ஊரடங்கின் தொடக்கத்திலேயே சந்தைகளைப் பிரித்துப் பேருந்து நிலையங்களுக்கும் திறந்த இடங்களுக்கும் மாற்றினார்கள். சென்னையில் இடம் மாற்றும் பேச்சு அரசுக்கும் வியாபாரிகளுக்கும் இடையே நடந்தது. அந்தப் பேச்சில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டதாக நான் கேள்விப்படவில்லை. மூடிய பிறகுதான் காய்கறி திருமழிசைக்குப் போனது. பழம் மாதவரத்துக்கும், பூ வானகரத்துக்கும் மாறின. முன்கூட்டியே பிரித்திருந்தால் உங்களில் பலர் நோயில் விழாமல் தப்பியிருப்பீர்கள்.

இனி ஏட்டின் கதைக்கு வருகிறேன். இந்த மடலை எழுதியதே அதற்காகத்தான்.

அந்த ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. ரேஷன் கடையில் போய் வாங்க வேண்டும். உங்கள் அட்டை ஊரில், நீங்கள் சென்னையில். வீட்டார் வாங்கிச் செலவு செய்திருப்பார்கள், நல்லதுதான். சந்தையில் படுத்துக்கிடந்த உங்களுக்கு அது சோறாகவில்லை. நல வாரியங்களில் பதிவு செய்த தொழிலாளர்களுக்குத் தனியாக உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. பதிவு செய்தவர்களுக்குக் கிடைத்தது. பதிவே இல்லாதவர்களும், பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களும் வெறுங்கையோடு நின்றார்கள்.

தொற்று பரவியபோதும் அதே குறைதான் எதிரே வந்து நின்றது. சந்தையில் யார் யார் வேலை பார்த்தார்கள், எந்தக் கடை லாரியை இறக்கினார்கள், எந்த ஊருக்குப் போனார்கள் என்று தெரிந்தால்தான் சோதனை செய்ய முடியும். கடைக்காரரைக் கேட்டால், "அரியலூர்ப் பையன் ஒருத்தன், நல்லா வேலை செய்வான்" என்பார். மேஸ்திரிக்கு முகம் தெரியும், முழுப் பெயர் தெரியாது. கைப்பேசி எண் இருந்தாலும் ரீசார்ஜ் செய்யக் காசில்லாமல் அது செத்துக் கிடக்கும். பெயரும் ஊரும் தொடர்பு எண்ணும் ஒரே இடத்தில் இருந்திருந்தால், உங்களைச் சந்தையிலேயே நிறுத்தி, சோறு போட்டு, சோதித்து, தங்கவைத்திருக்கலாம். தேட வேண்டிய தேவையே வந்திருக்காது. ஊர் ஊராக உங்களைத் தேடிய அந்தத் தேடல்தான், அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு உங்களைக் குற்றவாளிகளாகக் காட்டியது. உதவி கொடுக்கும்போது யார் கண்ணிலும் படாத நீங்கள், நோய் வந்தபோது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டீர்கள்.

அதே குறை கூலியிலும் வந்து நின்றது. மே 5-இல் மூடிய காய்கறிச் சந்தை செப்டம்பர் 28-இல்தான் மறுபடி திறந்தது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள். நடுவில் திருமழிசையில் சுமார் 200 கடைகள் மட்டும் இயங்கின. பூந்தமல்லியைத் தாண்டிய அந்தத் திடலில் மழை பெய்த நாள்களில் மூட்டையோடு சேற்றில் கால் புதைய நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சேற்று வேலையாவது எத்தனை பேருக்குக் கிடைத்தது? கடை குறைந்தால் ஆள் குறையும். யாரைக் கூப்பிடுவது என்பது மேஸ்திரியின் விருப்பம். பதினைந்து ஆண்டுகள் அதே சந்தையில் உழைத்த ஒருவர், "எனக்கு முன்னுரிமை உண்டு" என்று சொல்ல ஓர் எழுத்து ஆதாரமும் இல்லை. கடைக்காரருக்கு உரிமம் இருக்கிறது, லாரிக்குப் பதிவு எண் இருக்கிறது, வெங்காயத்துக்குப் பில் இருக்கிறது. அந்த வெங்காயத்தைத் தூக்கியவருக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் தமிழ்நாட்டில் 1982-லேயே வந்துவிட்டது. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் 1999 முதல் இருக்கிறது. சுமை தூக்குபவர்கள் அதில் சேரலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்து நேர்ந்தால் உதவி, 60 வயதானால் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பதிவு செய்வதும் புதுப்பிப்பதும் உங்கள் தலையில்தான். சரக்கின் பலனை அனுபவிக்கும் வியாபாரிக்கு அதில் நேரடிப் பொறுப்பு இல்லை.

மகாராஷ்டிரத்தில் வேறு வழி கண்டார்கள். மும்பையில் மூட்டை தூக்கும் தொழிலாளர்களை மாத்தாடிகள் என்பார்கள். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடி, 1969-இல் மாத்தாடித் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் பெற்றார்கள். அதன்படி தொழிலாளியும் வாரியத்தில் பதிவு செய்கிறார், அவரை வேலைக்கு வைக்கும் வியாபாரியும் பதிவு செய்கிறார். கூலியோடு ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை வியாபாரி கூடுதலாக வாரியத்தில் கட்டுகிறார். அதிலிருந்து வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் மருத்துவ வசதியும் தொழிலாளிக்குக் கிடைக்கின்றன. முதலாளி என்று ஒருவர் நிலையாக இல்லாத தொழிலிலும் தொழிலாளிக்கு நிலையான உரிமை உண்டு என்பதை அந்தச் சட்டம் காட்டியது. 1978-இல் கேரளமும் சுமைத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அங்கெல்லாம் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஏடு இருக்கிறது. ஏடு இருந்தால்தான் குறையைக்கூடச் சுட்டிக்காட்ட முடியும்.

உங்களில் சிலர் சொல்லப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும். "அன்றாடம் கைக்கு வரும் காசு வாரியம் வழியாகப் போனால் தாமதமாகும். இன்று தூக்கியதற்கு இன்றே கூலி வேண்டும், வீட்டில் அரிசி வாங்க வேண்டும்." நியாயமான பேச்சு. அதனால் கூலியைத் தொடவே வேண்டாம், அது அன்றே உங்கள் கையில் வரட்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரியும் வாங்குபவரும் சேர்ந்து தரும் நல நிதி மட்டும் வாரியத்துக்குப் போகட்டும். விலை ஏறிவிடும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். மழை பெய்தால் ஏறுகிறது, டீசல் ஏறினால் ஏறுகிறது, முகூர்த்த நாள் வந்தால் ஏறுகிறது. அவற்றையெல்லாம் தாங்கும் சந்தை, தூக்குபவருடைய முதுமைக்காக மூட்டைக்கு ஒரு ரூபாய் கூடினால் சாய்ந்துவிடாது. சில்லறை வியாபாரியாகச் சொல்கிறேன், அந்த ஒரு ரூபாயில் என் பங்கைக் கொடுக்க நான் தயார். என்னைப் போன்ற கடைக்காரர்களிடம் பேசவும் தயார்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. உங்கள் முதுகில் ஏறும் மூட்டைகளில் எத்தனை அந்த அளவுக்குள் அடங்குகின்றன? நாற்பது வயதில் முட்டி தேய்ந்து, இடுப்பு பிடித்து, நாற்பத்தைந்தில் ஊருக்குத் திரும்பியவர்களை நீங்களே அறிவீர்கள். நோய்த்தொற்றுக்கு மட்டும்தான் ஏடு வேண்டும் என்பதில்லை. தேய்ந்துபோன முட்டிக்கும் கணக்குச் சொல்ல ஓர் ஏடு வேண்டும்.

எனவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, வாரியப் பதிவு. இல்லாதவர்கள் பதிவு செய்யுங்கள், காலாவதி ஆனவர்கள் புதுப்பியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்திலும் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால், படித்த தம்பி ஒருவரை ஒவ்வொரு குழுவிலும் அந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.

இரண்டாவது, அரசு எழுதும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், கைப்பேசி எண், வீட்டில் இருக்கும் ஒருவருடைய எண், ரத்த வகை, இந்தச் சந்தைக்கு வந்த ஆண்டு, அன்றாடம் இறக்கிய கடையின் எண். இவ்வளவு எழுதினால் போதும். நாளைக்குச் சட்டம் வந்தால், நீங்கள் எத்தனை ஆண்டாக உழைக்கிறீர்கள் என்பதற்கு அதுவே முதல் சான்று.

மூன்றாவது, அந்த நோட்டில் பெண்களை விட்டுவிடாதீர்கள். காய் தரம் பிரிப்பவர்கள், பூ கட்டுபவர்கள், தேநீர் கொண்டுவருபவர்கள், சிந்தியதைக் கூட்டி அள்ளுபவர்கள் என்று எத்தனையோ பேர் உங்களோடு சேர்ந்தே இந்தச் சந்தையைத் தாங்குகிறார்கள். உங்களைவிடவும் கண்ணில் படாதவர்கள் அவர்கள். 2020-இல் அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க ஆளே இல்லை.

நான்காவது, கட்சி வேறு, சங்கம் வேறு, ஊர் வேறு, சாதி வேறு என்றிருந்தாலும் இந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும் ஒரே குரலில் பேசுங்கள். அங்காடி நிர்வாகக் குழுவிடம் போங்கள், தொழிலாளர் துறையிடம் போங்கள். சந்தையில் வேலை செய்யும் எல்லோருக்குமான பதிவேடு, வியாபாரியும் பங்கு கட்டும் நல நிதி, வளாகத்துக்குள் படுக்கவும் குளிக்கவும் ஒழுங்கான இடம் என்று எழுத்தில் கேளுங்கள். சந்தையை இடம் மாற்றுவது, மூடுவது, நேரம் குறைப்பது பற்றி எந்தப் பேச்சு நடந்தாலும் தொழிலாளர் தரப்பில் ஆள் உட்கார வேண்டும் என்றும் கேளுங்கள்.

உங்களால் இது முடியும் என்பதற்கும் அந்தக் கெட்ட காலத்திலேயே சான்று இருக்கிறது. 2021-இல் இரண்டாம் அலை முதல் அலையைவிடக் கொடுமையாக வந்தபோது சந்தைக்குள்ளேயே தடுப்பூசி முகாம் போட்டார்கள். நீங்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டீர்கள். சேவை சந்தையைத் தேடி வந்தால் நீங்கள் ஒதுங்கிப் போகிறவர்கள் இல்லை. அப்படியானால் வாரியப் பதிவும் அதே சந்தைக்குள், சரக்கு இறக்கி ஓய்ந்த நேரத்தில், ஒரு மேசை போட்டு ஏன் நடக்கக் கூடாது? பகல் முழுதும் அலுவலகத்தில் காத்துக் கிடந்தால் இரவு வேலைக்கு உடம்பு எழாது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாமலிருக்கலாம். நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இன்னொரு பெருந்தொற்று வருமா, எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சென்னைக்கு மழையும் வெள்ளமும் வராமல் இருப்பதில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு தரமும் இந்த ஊர் கையேந்துவது காய்கறிக்கும் பாலுக்கும்தான். அப்போதெல்லாம் உங்களைக் கூப்பிடுவார்கள், நீங்களும் வருவீர்கள். அடுத்த முறை வரும்போது, "நாங்கள் இத்தனை பேர், இவை எங்கள் பெயர்கள், எங்களில் யாருக்கு நோய் வந்தாலும் இன்னாரிடம் சொல்ல வேண்டும், வேலை நின்றால் எங்களுக்கு இவ்வளவு சேர வேண்டும்" என்று எழுதிய ஏட்டோடு வாருங்கள். அந்த ஏட்டின் முதல் பக்கத்தை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள். எழுத நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன். சான்றுக் கையெழுத்து வேண்டுமென்றால் அதையும் போடுகிறேன்.

அன்புடன்,
உங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரன்,
வில்லிவாக்கம்.